பஞ்சு பறக்கும் இடத்தில் ஒரு கேட்வே சர்வர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இணையம் நின்றுபோனால், சரக்கு ஏற்றி வாசலில் நிற்கும் லாரி கிளம்ப முடியாது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள சரக்கு போக வேண்டுமானால் இ-வே பில் எடுத்தாக வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயமாகிவிட்டது. இவை போக, வெளிநாட்டு பையர் அனுப்பும் டெக் பேக் (ஆடையின் வடிவமைப்பு விவரக் கோப்பு), துறைமுகத்துக்குப் போக வேண்டிய ஷிப்பிங் ஆவணங்கள், இன்னொரு தெருவில் இருக்கும் கட்டிங் யூனிட்டிலிருந்து தலைமை அலுவலகத்தின் டேலிக்குள் நுழைய வேண்டிய கணக்குப்பிள்ளை, முதலாளியின் கைப்பேசியில் தெரிய வேண்டிய சிசிடிவி என்று எல்லாமே ஒரே ஒரு பெட்டியின் வழியாகத்தான் போய்வருகின்றன. அந்தப் பெட்டிதான் கேட்வே. அலுவலகத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் இயந்திரம் அது. வாங்கும்போது மிகக் குறைவாக யோசிக்கப்படுவதும் அதுவே.

இதுபோன்ற நிறுவனங்களுக்கு நெட்வொர்க் அமைத்துத் தருவது என் தொழில். ஏறத்தாழ 40 கணினிகள், அதைப்போல இரண்டு மடங்கு கைப்பேசிகள், 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு ஒன்று, அது நின்றால் கைகொடுக்க வேறொரு நிறுவனத்தின் இணைப்பு ஒன்று, வெளியூரிலிருந்தும் கிளை யூனிட்டிலிருந்தும் உள்ளே வர விபிஎன் என்ற அளவுள்ள ஒரு நிறுவனத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த அளவுக்கு வன்பொருள் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் பிராசசரில் பணத்தைப் போட்டுவிட்டு மற்றவற்றில் இறுக்கிப் பிடிக்கிறார்கள். என் கணக்கில் அது தலைகீழாக இருக்க வேண்டும். பிராசசர் சாதாரணமாக இருக்கலாம்; லேன் போர்ட், மின்சாரம், கெட்டுப்போனால் மாட்டுவதற்கு ஒரு மாற்றுப் பெட்டி ஆகிய மூன்றிலும் கஞ்சத்தனம் கூடாது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சர்வர் தேவையா என்பதே. பத்துப் பேர் உட்காரும் அலுவலகத்தில், ஒரே இணைப்பும் ஒன்றிரண்டு விபிஎன் பயனர்களும் மட்டும் இருந்தால், மைக்ரோடிக் ஹெக்ஸ் போன்ற சிறிய ரூட்டரே போதும். இரண்டு கோர் பிராசசரும் ஐந்து கிகாபிட் போர்ட்டும் கொண்ட அந்தக் கைக்கடக்கமான பெட்டி சில வாட் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு இணைப்புகளைக் கண்காணித்து மாற்றிவிடுவதைக்கூட அது செய்யும். விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரிப்பது, துறைவாரியாக விதிகள் எழுதுவது, யார் எப்போது எங்கே இணைந்தார்கள் என்ற பதிவை மாதக்கணக்கில் காப்பது ஆகியவை சேரும்போதுதான் ஓபிஎன்சென்ஸ் அல்லது பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் (உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சரிபார்க்கும் காவல்) மென்பொருள் ஓடும் ஒரு முழுக் கணினி பொருளுள்ள செலவாகிறது. நான் பேசும் 40 கணினி நிறுவனம் அந்தக் கோட்டைத் தாண்டிய ஒன்று.

இனி, சுமை எவ்வளவு என்று பார்க்கலாம். 1 கிகாபிட் இணைப்பு முழு அளவுப் பாக்கெட்டுகளால் (தரவுத் துண்டுகளால்) நிரம்பி வழிந்தாலும் ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 81,000 பாக்கெட்டுகள்தான் போகும். நம் 200 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அது 16,000. பாக்கெட்டின் சராசரி அளவு 400 பைட் என்று இறக்கிக் கணக்கிட்டாலும் 62,500ஐத் தாண்டாது. பத்தாண்டுப் பழைய கோர் ஐ3 கூட இதைச் சிரமமின்றிக் கையாளும். ரேம் கணக்கும் இப்படித்தான். ஃபயர்வால் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒவ்வோர் இணைப்புக்கும் ஏறத்தாழ 1 கிலோபைட் ஆகிறது. நூற்றுச் சொச்சம் கருவிகள் ஆளுக்கு 200 இணைப்புகளைத் திறந்து வைத்திருந்தாலும் இதற்கு 30 எம்பிகூட வேண்டியதில்லை. 4 ஜிபி ரேம் தாராளம். 8 ஜிபி இருந்தால் இன்னும் பல ஆண்டுகளுக்கு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க வேண்டாம். கடையில் 'சர்வர்' என்ற சொல்லைக் கேட்டதுமே ஜியான் பிராசசரையும் 32 ஜிபி ரேமையும் எடுத்து வைப்பார்கள். இந்த வேலைக்கு இரண்டுமே வீண்செலவு.

ஒரு காலத்தில் கணக்கு வேறாக இருந்தது. 512 கேபிபிஎஸ் இணைப்பை அலுவலகம் முழுவதும் பகிர்ந்துகொண்ட நாள்களில், கேட்வேயில் ஸ்க்விட் என்ற கேஷ் மென்பொருளை ஓட்டுவோம். ஒருவர் திறந்த பக்கத்தை அடுத்தவர் கேட்கும்போது உள்ளிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும் என்பதால், அதற்காக வேகமான ஹார்டுடிஸ்க்கும் நிறைய ரேமும் வாங்கினோம். இன்று இணையத்தின் பெரும்பகுதி எச்டிடிபிஎஸ் பூட்டுக்குள் போய்விட்டது. நடுவில் நிற்கும் பெட்டியால் எதையும் திறந்து சேமிக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்து வாங்கும் பட்டியல் மட்டும் பல கடைகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. சுரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்டறியும் மென்பொருளைப் போட்டால் பிராசசரும் ரேமும் கூடுதலாகத் தேவைப்படும் என்பது உண்மைதான். ஆனால் அது எழுப்பும் எச்சரிக்கைகளை அன்றாடம் படித்துப் பார்க்க ஆள் இல்லாத நிறுவனத்தில் அதை ஓட்டுவதால் பயன் மிகக் குறைவு என்பது என் கருத்து. கெட்ட தளங்களின் பெயர்களை, தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் நிலையிலேயே தடுத்துவிடும் பட்டியல் ஒன்றைச் சேர்ப்பது அதைவிட எளிது, சுமையும் அற்பம்.

பிராசசரில் கவனிக்க வேண்டியது விபிஎன் மட்டும்தான். ஐபிசெக், ஓபன்விபிஎன் என்ற இரண்டு விபிஎன் முறைகளும் வழக்கமாக ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்பவை. அந்தக் கணக்கை வன்பொருளிலேயே செய்யும் ஏஇஎஸ்-என்ஐ கட்டளைகளை இன்டெல் 2010 முதல் தன் பிராசசர்களில் கொடுத்துவந்தாலும், விலை குறைந்த வரிசைகள் சிலவற்றில் அவை நெடுநாள் இல்லை. செகண்ட் ஹேண்ட் சந்தையில் நான்கு லேன் போர்ட்டுடன் மலிவாகக் கிடைக்கும் செலரான் ஜே1900 பெட்டிகள் அப்படிப்பட்டவை. 2013இல் வந்த அந்தப் பிராசசரில் ஏஇஎஸ்-என்ஐ கிடையாது. வயர்கார்டு என்ற இன்னொரு விபிஎன் முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. அது சாசா20 என்ற வேறு முறையைக் கையாள்கிறது. சாதாரண பிராசசரிலும் அது வேகமாகவே ஓடும். 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலின் 5.6 பதிப்பில் வயர்கார்டு சேர்ந்தது முதல், புதிய விபிஎன்களை நான் அதிலேயே அமைக்கிறேன். ஆனாலும் பையர் தரப்பு ஐபிசெக்தான் வேண்டும் என்று கேட்கும் நாள் வரலாம் என்பதால், ஏஇஎஸ்-என்ஐ இல்லாத பிராசசரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்குவதில்லை.

இப்போது லேன் போர்ட். மலிவான கேட்வேக்கும் மலிவாகத் தெரியும் கேட்வேக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஓபிஎன்சென்ஸும் பிஎஃப்சென்ஸும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் ஓடுகின்றன. இன்டெல் லேன் சிப்புகளுக்கான டிரைவர்கள் அதில் பல்லாண்டுகளாகப் பண்பட்டவை. ரியல்டெக் சிப்புகளுக்கு உள்ளமைந்த டிரைவர் அந்த அளவுக்குத் தேறவில்லை. கடும் சுமை வரும்போது 'வாட்ச்டாக் டைம்அவுட்' என்று ஒரு வரி பதிவில் விழும். அந்தப் போர்ட் சில நொடிகள் செத்து மீண்டும் எழும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு 'நெட் விட்டுவிட்டு வருகிறது' என்பது மட்டும் தெரியும். பழி எப்போதும் இணைய நிறுவனத்தின் மேல் போகும். ரியல்டெக் நிறுவனமே தரும் டிரைவரைத் தனியாக நிறுவினால் நிலைமை பெரிதும் தேறும் என்பதையும், லினக்ஸ் அடிப்படையிலான கேட்வேக்களில் இந்தத் தொல்லை குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், சில நூறு ரூபாய்களை மிச்சப்படுத்துவதற்காக ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் டிரைவர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது நியாயமான பேரமாக எனக்குத் தோன்றவில்லை.

இன்டெல் என்ற பெயர் மட்டும் போதாது, சிப்பின் எண்ணையும் பார்க்க வேண்டும். ஐ210, ஐ211, ஐ350 ஆகியவை கிகாபிட் வேகத்தில் நம்பகமானவை. 2.5 கிகாபிட் கொண்ட ஐ225 சிப்பின் தொடக்கப் பதிப்பில் வடிவமைப்புக் குறை இருந்தது. பி3 என்ற பதிப்பில்தான் அது சரிசெய்யப்பட்டது. எனவே பழைய இருப்பை மலிவாகத் தள்ளிவிடுபவர்களிடம் ஐ225 வாங்காமல், அதன் பின் வந்த ஐ226ஐக் கேட்டு வாங்குவது நல்லது. அதிலும் இணைப்பு அவ்வப்போது அறுபட்டால், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு வசதியை அணைத்துப் பார்க்க வேண்டும். தனி லேன் கார்டு வாங்குபவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை: நான்கு போர்ட் கொண்ட ஐ350 கார்டுக்குப் போலிகள் ஏராளமாகப் புழங்குகின்றன. புத்தம்புது கார்டு என்று மிகக் குறைந்த விலைக்கு வருவதைவிட, டெல், எச்பி போன்ற நிறுவனங்களின் சர்வர்களிலிருந்து கழற்றிய பழைய கார்டு நம்பத்தகுந்தது. சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் அப்படிப்பட்ட கார்டுகள் கிடைக்கின்றன.

போர்ட் எத்தனை வேண்டும் என்பதற்கு விடை எளிது. இணைப்பு இரண்டு, உள் நெட்வொர்க் ஒன்று, ஆக மூன்று. நான்காவது இருந்தால் சிசிடிவியைத் தனியே பிரிக்கலாம். ஒரே ஒரு போர்ட் உள்ள கணினிதான் கையில் இருக்கிறது என்றால் அதுவும் போகாத ஊர் அல்ல. ஒரே கேபிளில் பல நெட்வொர்க்குகளைக் கலக்காமல் பிரித்து அனுப்பும் விலான் வசதியுள்ள எட்டு போர்ட் ஸ்விட்ச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு இணைப்புகளையும் அதில் செருகி, ஒவ்வொன்றையும் தனித்தனி விலான் எண்ணில் பிரித்து, ஒற்றைக் கேபிள் வழியாகக் கேட்வேக்கு அனுப்பிவிடலாம். வரவும் போக்கும் ஒரே கேபிளில் என்பதால் கிகாபிட் இணைப்பு உள்ளவர்களுக்கு இது நெருக்கடி தரும். 200 எம்பிபிஎஸுக்கு ஒரு குறையும் இல்லை. யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டரை மட்டும் கேட்வேயில் நிரந்தரமாகப் பயன்படுத்த வேண்டாம். சூடானாலோ அசைந்தாலோ அது கழன்றுகொள்ளும், திரும்பி வரும்போது வேறு பெயரில் வரவும் வாய்ப்புண்டு.

அடுத்தது பஞ்சு. திருப்பூரில் நிட்டிங், கட்டிங், செக்கிங் எது நடக்கும் கட்டடமானாலும் காற்றில் நுண்ணிய பருத்தித் துகள் மிதந்துகொண்டே இருக்கும். அலுவலக அறை தனியாக இருந்தாலும் கதவு திறக்கும்போதெல்லாம் அது உள்ளே வந்துவிடும். ஃபேன் உள்ள கணினி அதை நாள் முழுவதும் உள்ளிழுக்கிறது. சில மாதங்கள் ஓடிய பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தால், ஃபேனின் இறக்கைகளுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு படிந்து, கம்பளித் துண்டு போல இறுகியிருக்கும். கையால் உரித்தால் முழுசாக ஒரே படலமாக வரும். காற்று போக வழியில்லாமல் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஏப்ரல், மே வெயிலில் இப்படிப்பட்ட இயந்திரங்கள்தான் முதலில் நிற்கின்றன.

ஆகவே இத்தகைய இடங்களுக்கு ஃபேன் இல்லாத பெட்டியே என் முதல் தேர்வு. இந்த வகைக்கு நெடுங்காலம் முன்மாதிரியாக இருந்தவை சுவிட்சர்லாந்தின் பிசி எஞ்சின்ஸ் நிறுவனத்தின் சிறு பலகைகள். 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நான்கு கோர் கொண்ட ஏஎம்டி பிராசசரும் இன்டெல் போர்ட்டுகளும் உள்ள ஏபியு2 வரிசை, சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2023இல் அந்நிறுவனம் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்த இடத்தை இன்று நிரப்பியிருப்பவை, அதே 2023இல் வெளிவந்த இன்டெல் என்100 பிராசசருடன் சீனாவிலிருந்து வரும் அலுமினியப் பெட்டிகள். நான்கு கோர், 6 வாட் வகையைச் சேர்ந்த பிராசசர், ஏஇஎஸ்-என்ஐ உண்டு, நான்கு ஐ226 போர்ட்டுகள். நம் வேலைக்கு எழுதிவைத்ததுபோன்ற அமைப்பு. குறைகளும் இருக்கின்றன. பயாஸ் அப்டேட் அநேகமாக வராது. கெட்டால் கொண்டுபோய்க் கொடுக்க உள்ளூரில் சர்வீஸ் சென்டர் கிடையாது. உள்ளே பிராசசருக்கும் உடலுக்கும் நடுவே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் பெட்டிக்குப் பெட்டி மாறும். வாங்கியவுடன் திறந்து, பேஸ்ட்டைத் துடைத்து நல்லதாகப் பூசிவிடுவது பயன் தரும். பெட்டியின் உடலே ஹீட் சிங்க் என்பதால் மர அலமாரிக்குள் பூட்டக் கூடாது, இன்வெர்ட்டரின் மேல் வைக்கக் கூடாது; தகடுகள் மேலிருந்து கீழாக இருக்கும்படி சுவரில் நிமிர்த்தி மாட்டினால் சூடான காற்று தானே மேலேறிப் போய்விடும், பஞ்சும் அவ்வளவாகப் படியாது.

கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள அறையில் அலுவலகம் இருந்தால் என் பரிந்துரை மாறும். பெரிய நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழித்துவிடும் டெல் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, எச்பி எலீட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி போன்ற சிறு கணினிகள் ரீஃபர்பிஷ்ட் கடைகளில் 10,000 ரூபாய்க்குச் சற்று முன்னும் பின்னுமாகக் கிடைக்கின்றன. புத்தகம் அளவே இருக்கும் இவற்றின் கட்டுமானத் தரம் புதிய மலிவுப் பெட்டிகளைவிட மேல். பயாஸ் அப்டேட்டும் உற்பத்தியாளரின் தளத்தில் இருக்கும். லெனோவோவின் எம்720க்யூ மாடலில் ரைசர் பலகை ஒன்றைச் சேர்த்தால் முழு லேன் கார்டையே உள்ளே பொருத்தலாம் என்பதால், அதைத் தேடி வாங்குபவர்கள் பலர். மற்ற பெரும்பாலான மாடல்களில் இருப்பது ஒரே போர்ட். அவற்றுக்கு மேலே சொன்ன விலான் ஸ்விட்ச்தான் வழி.

மூலையில் கிடக்கும் பழைய டவர் கணினியையே கேட்வே ஆக்கிவிட்டால் செலவே இல்லையே என்று கேட்பவர்களுக்கு மின்கட்டணத்தைக் கணக்கிட்டுக் காட்டுவது என் வழக்கம். சும்மா ஓடும்போதே 60 வாட் இழுக்கும் டவர், ஆண்டு முழுவதும் 525 யூனிட் தின்னும். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்தால் 5,250 ரூபாய். ஏலத்தில் மலிவாக வரும் பழைய ரேக் சர்வர் 150 வாட் இழுத்தால் 1,314 யூனிட், 13,140 ரூபாய். அதன் இரைச்சலும் அது கக்கும் வெப்பத்துக்கான ஏசி செலவும் தனி. 12 வாட்டில் ஓடும் சிறு பெட்டிக்கு ஆண்டுக்கு 105 யூனிட், 1,050 ரூபாய்தான். இலவச டவருக்கும் சிறு பெட்டிக்கும் இடையில் ஆண்டுக்கு 4,200 ரூபாய் வித்தியாசம். மூன்றே ஆண்டுகளில் சிறு பெட்டியின் விலை திரும்பி வந்துவிடும். மின்சாரம் போகும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். அறுநூறு விஏ யூபிஎஸ்ஸில் டவர் நிமிடக்கணக்கில் மட்டுமே தாக்குப்பிடிக்கும். என்100 பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. ஃபைபர் மோடமும் சிறு ஸ்விட்ச்சும் பெரும்பாலும் அப்படியே. அவற்றின் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து, அதைத் தாங்கும் 12 வோல்ட் டிசி யூபிஎஸ் ஒன்றை வாங்கிவிட்டால், ஏசியாக மாற்றி மறுபடி டிசியாக மாற்றும் இழப்பில்லாமல் மணிக்கணக்கில் இணையம் நிற்காது. டெல், லெனோவோ மினிகள் 19 அல்லது 20 வோல்ட் கேட்பவை என்பதால் இந்த வசதி அவற்றுக்கு இல்லை.

ராஸ்பெரி பை என்ற சிறு பலகைக் கணினி பற்றியும் கேட்பார்கள். பை 4 மாடலில்தான் முழு கிகாபிட் போர்ட் வந்தது. அதில் ஏஇஎஸ் கட்டளைகள் கிடையாது, அவை பை 5இல் வந்தன. ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருளைப் போட்டு ஓட்டலாம். மெமரி கார்டில் இயங்குதளத்தை வைத்து ஆண்டுக்கணக்கில் பதிவு எழுதவைப்பது மட்டும் நிறுவனத்துக்கு ஏற்றதல்ல.

பதிவு என்றதும் டிஸ்க்கைச் சொல்ல வேண்டும். இந்தியாவின் கணினிப் பாதுகாப்புக்கான செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்கள் காத்துவைக்க வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 20 லட்சம் இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 250 பைட் என்று வைத்தால் நாளுக்கு 500 எம்பி. எழுத்துக்கோப்பு என்பதால் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கலாம். ஆறு மாதத்துக்கு 9 ஜிபி ஆகும். 128 ஜிபி எஸ்எஸ்டியே போதும், ஆனால் பெயர் தெரிந்த நிறுவனத்துடையதாக இருக்கட்டும். சில பெட்டிகளில் ஒட்டியே வரும் 16 ஜிபி இஎம்எம்சி நினைவகத்தில் இதைச் செய்யக் கூடாது. எழுதி எழுதி அது தேய்ந்துபோனால் கழற்றி மாற்ற வழியில்லை. நிறுவும்போது இசட்எஃப்எஸ் கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால், திடீர் மின்தடையில் கோப்புகள் சிதையும் அபாயம் மிகவும் குறையும். பதிவின் இன்னொரு பிரதி அலுவலகத்தின் நாஸ் (கோப்புச் சேமிப்பு) பெட்டிக்கும் போக வேண்டும்.

பழைய கணினி வாங்குபவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்ய வேண்டிய சிறிய காரியம் ஒன்று உண்டு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை எடுத்துப்போட்டுப் புதிதாக ஒன்றை வைக்க வேண்டும். தீர்ந்துபோன பேட்டரியுடன் ஒரு கணினி மின்தடையைச் சந்தித்தால், பயாஸ் அமைப்புகள் அழிந்து, 'எஃப்1 அழுத்தவும்' என்று திரையில் காட்டிக்கொண்டு நிற்கும். கேட்வேக்கு திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. அது எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கடிகாரமும் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று ஒதுக்கப்படும், டிஎன்எஸ் பதில் உண்மையானதா என்று பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு தோற்கும், விபிஎன் இணையாது. சில பத்து ரூபாய்ப் பேட்டரி ஒன்று இத்தனையையும் தடுக்கிறது. பேட்டரியை மாற்றிய கையோடு பயாஸுக்குள் போய், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாகவே உயிர்பெற வேண்டும் என்ற அமைப்பை வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். யாரும் பொத்தானை அழுத்தாமல் அது எழுந்து நின்று இணையத்தைத் தந்தால்தான் ரேக்கில் ஏற்றலாம்.

இவ்வளவும் பேசி முடித்து, ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கும் இடத்தில்தான் ஒவ்வொரு நிறுவனத்திலும் பேச்சு நிற்கும். அண்மையில் ஒரு கம்பெனியின் மூத்த கணக்கர் கேட்டார்: "ஏனுங்க, ரெண்டு பொட்டி எதுக்குங்க? அந்தக் காசுல புதுசா, நல்லதா ஒன்னு வாங்கிப்போட்டா ஆகாதுங்களா?"

"எவ்வளவு நல்லதா வாங்குனாலும் ஒரு நாளைக்கு நிக்குமுங்க. அன்னைக்கு லாரிய வாசல்ல நிறுத்தி வெக்கறதுங்களா, இல்ல அடுத்த பொட்டிய எடுத்து மாட்டறதுங்களா?" என்றேன். அவர் பட்டியலில் எண்ணை மாற்றவில்லை.

50,000 ரூபாய்க்கு வாரண்டியுடன் வாங்கிய ஒற்றைப் பெட்டி பழுதானால், வாரண்டி என்பது புதிய பெட்டி வந்துசேரும்வரை காத்திருக்கும் உரிமைதான். 12,000 ரூபாய் வீதம் இரண்டு பெட்டிகள் வாங்கி, ஒன்று ஓடும்போது மற்றொன்று அலமாரியில் இருந்தால் காத்திருப்பே இல்லை. இரண்டும் ஒரே மாடலாக இருப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓபிஎன்சென்ஸிலும் பிஎஃப்சென்ஸிலும் எல்லா அமைப்புகளும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்கிவிடுகின்றன. அதை இன்னொரு கணினியில் ஏற்றினால் போதும். ஆனால் அந்தக் கோப்புக்குள் லேன் போர்ட்டுகள் சிப்பின் வகைப் பெயரால் குறிக்கப்பட்டிருக்கும். ஐ226 போர்ட் ஒரு பெயரில் இருக்கும், ஐ350 வேறொரு பெயரில். சிப் வகை மாறினால் எந்தப் போர்ட் எதற்கு என்று மறுபடி ஒவ்வொன்றாகச் சொல்லித் தர வேண்டும். அவசரத்தில், அந்த வேலை தெரிந்தவர் ஊரில் இல்லாத நேரத்தில், அது நடக்காது. ஒரே மாடல் என்றால் கேபிள்களை அதே வரிசையில் மாற்றிச் செருகுவதோடு வேலை முடிந்துவிடும். அதை அலுவலக உதவியாளரே செய்யலாம். கேபிள்களிலும் போர்ட்டுகளிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே எண்ணை ஒட்டிவைப்பது அதற்காகத்தான்.

மாற்றுப் பெட்டியை அட்டைப்பெட்டிக்குள் போட்டு மறந்துவிடக் கூடாது. காலாண்டுக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில், அன்றைய எக்ஸ்எம்எல் கோப்பை அதில் ஏற்றி, அப்டேட்டுகளை முடித்து, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்டச் சொல்கிறேன். அடுத்த மூன்று மாதம் இது ஓடட்டும், அது ஓய்வெடுக்கட்டும். கழற்றிய பெட்டியின் தகடுகளிலிருந்து பஞ்சை பிரஷ்ஷால் துடைத்துவைக்கவும் அதுவே நேரம்.

முதல் முறை மாற்றும்போது ஒரு தடங்கல் வரக்கூடும். சில இணைய நிறுவனங்கள் முதலில் இணைந்த கருவியின் மேக் முகவரியை (லேன் போர்ட்டின் அடையாள எண்ணை)ப் பதிந்துகொண்டு, வேறு முகவரியுடன் வரும் பெட்டிக்கு இணைப்பு தர மறுக்கும். மோடத்தை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்துப் போட்டால் சில இடங்களில் சரியாகும், சில இடங்களில் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால்தான் ஆகும். இதைத் தவிர்க்க, முதல் பெட்டியின் மேக் முகவரியை வெளி இணைப்புக்குரிய போர்ட் அமைப்பில் கைப்பட எழுதிவிடலாம். எக்ஸ்எம்எல் கோப்போடு அதுவும் இரண்டாம் பெட்டிக்குப் போய்விடும். இணைய நிறுவனத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒரே பெட்டியாகத் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே ஸ்விட்ச்சில் மட்டும் செருகிவிட வேண்டாம்.